காமன் எரிஞ்ச நேரம்

ஹட்டன்

மச்சான்,

சுகம்தானே? இங்க ஒரு கிழமையா விடாத மழை. காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாயுதுன்னு நேத்து பஸ்ஸில பேசிக்கிட்டாங்க. அம்மாவுக்கு முட்டுவலி, மத்தபடி எல்லாரும் சுகம்.

நீ கேட்ட 2003 காமன்கூத்து போட்டோ, அதான் சிவன் காமனை எரிக்கிற கூத்து, கிடைச்சிருச்சு. பழைய கொம்பியூட்டரோட ஹார்ட் டிஸ்கைக் கழட்டி என் லினக்ஸ் லெப்டொப்பில மாட்டினேன். காமன் எரியிற படத்துக்கு நேரம் விடியக்காலை 3.22னு காட்டுது. கெமரா படத்துக்குள்ளேயே எழுதி வச்ச நேரத்தைப் பார்த்தா 3.52! எல்லாப் படத்திலயும் அதே அரைமணி.

ரெண்டு ராத்திரி மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கெமரா கார்டு ஃபாட் (FAT) வகை, பைல்களை எழுதி வைக்கிற ஒரு பழைய முறை. சுவர்க்கடிகாரம் காட்டுற நேரத்தை அப்படியே எழுதும், எந்த நாட்டு நேரம்னு எழுதாது. வினாடியையும் ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். அதான் எல்லாப் படத்திலயும் வினாடி இரட்டைப்படை. விண்டோஸ் அதை டிஸ்குக்கு மாத்துறப்ப உலகப்பொது நேரமாக்கி, 1601லருந்து எண்ணி வைக்கும். லினக்ஸ் எண்ணுறது 1970லருந்து. அந்தக் கணக்கெல்லாம் சரிதான்டா, தப்பு என்னோடது. லினக்ஸ் போட்டப்ப 'நமக்கும் இந்தியாவுக்கும் உலகப்பொது நேரத்தை விட அஞ்சரை மணி கூடத்தானே'ன்னு ஊர் நேரத்துக்குக் கொல்கத்தாவைத் தெரிவு செஞ்சுட்டேன்.

2003ல நமக்கு அஞ்சரை இல்ல, ஆறு! 1996ல மழையில்லாம நீர்த்தேக்கமெல்லாம் வத்தி, கரண்டை மிச்சம் பிடிக்க மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்களே, ஒக்டோபர்ல அரைமணி குறைச்சாங்க. மிச்ச அரைமணி 2006 ஏப்ரல் வரைக்கும் நின்னிச்சு. எங்க வீட்டுக் கடிகாரத்தை அம்மா திருப்பவே விடல, 'பழைய நேரம்'தான். லினக்ஸிலயும் கொழும்புன்னு மாத்தினா இந்தக் கதை முழுக்கத் தெரியுது. பைல் ஒண்ணையும் தொடாமலே 3.52 வந்திருச்சு.

படமெல்லாத்தையும் டார் (tar) பைலா, ஒரே பொதியாக் கட்டி அனுப்புறேன். அதுல உலகப்பொது நேரம்தான் போகும், அதனால டொரொன்டோவில உன் மேக்கில முதல்நாள் பின்னேரம் 4.52க்கே காமன் எரிவான், பயந்துராத. 'உருவாக்கிய நாள்'னு காட்டுறதையும் நம்பாத, விண்டோஸ்ல கொப்பி பண்ணினாலே அது புதுசாயிரும். 'மாற்றிய நாள்'தான் பார்க்கணும்.

அந்த 3.52 படத்துல நெருப்புக்குப் பக்கத்துல தலைப்பாகையோட நிக்கிறது நீயா, உங்க அண்ணனா? அம்மா அண்ணன்னு அடிச்சுச் சொல்றாங்க.

உன் கூட்டாளி