மகளிர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோலப் போட்டி, தையல் வகுப்பு, ஆடிக் கூழ் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பழுதான தையல் மெஷின் விவகாரத்தைப் பொருளாளர் தன் கணக்கில் சொல்வார். இந்த ஆண்டு மன்றத்தின் நேரம் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கே போனதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அக்டோபர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பெண் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் பேசினார். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினோம். நல்லதாகப் போயிற்று. வாய் திறந்து கேட்கச் சொல்லியிருந்தால் பாதிக் கேள்வி வெளியே வந்திருக்காது.

அதிகம் வந்த கேள்வி, "கட்டி இருக்கு, ஆனா வலிக்கலை. பரவாயில்லையா?" வலிக்கவில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது என்றார் மருத்துவர். இந்தப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது தென்பட்டாலும் காட்டிவிட வேண்டும். அதே சமயம், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனைதான், பக்கத்து வீட்டு அக்கா இல்லை.

"ஊசி குத்தி சதை எடுத்தால் பரவிவிடும்" என்ற பயம் பல சீட்டுகளில் இருந்தது. அது உண்மையில்லை. அப்படிச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யாமல் சிகிச்சையை முடிவு செய்யவே முடியாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நிம்மதியாக இருப்பதற்கும் இடமில்லை. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான்.

மாதாமாதம் சுயபரிசோதனை செய்தால் போதுமா என்று காரசாரமாகப் பேசினோம். சீனாவின் ஷாங்காயில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வு வேறு மாதிரி. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தன் உடம்பைத் தான் கவனிப்பது வீண் என்று அர்த்தமில்லை. எது வழக்கம், எது புதுசு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சி பெற்ற கைக்கு அது ஈடாகாது. நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதைக் கேட்ட பிறகுதான்.

ஆண்களுக்கென்று தனிக் கூட்டம் வைத்ததில் சிலருக்கு வருத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பணமும் வண்டியும் பல வீடுகளில் அவர்கள் கையில்தானே இருக்கிறது? தவிர, நூறு நோயாளிகளில் ஒருவர் வரை ஆணாகவும் இருக்கலாம் என்று கேட்டதும் கூட்டம் கப்சிப்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியதற்குக் காரணமே அவர் தங்கையின் மரணம். தங்கைக்கு வந்த புற்றுநோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்துவிட்டார்கள். இன்றும் நாள் போவதுதான் பிரச்சினை. முதலில் மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாகிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கம் கல்யாணம் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்றே அந்த 60 நாள் ஓடிவிடுகிறது.

30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குமான பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கார்டு எடுக்காதவர்கள் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். தை பிறந்ததும் தெருவாரியாகச் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போவோம். மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) பயாப்ஸியோ எழுதிக் கொடுத்தால், முடிவு கைக்கு வரும்வரை மன்றத்திலிருந்து ஒருவர் துணைக்குப் போக வேண்டும். யாருடைய முடிவும் நம் வாட்ஸாப் குழுவுக்கு வரக் கூடாது. துணைக்கு வரச் சம்மதிப்பவர்கள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமை வைக்க முடியுமா என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்