வெயிலுக்காகக் காத்திருந்த நஞ்சு

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் ஓய்வுபெற்ற பிறகும் பழக்கதோஷத்தில் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அங்கிருக்கும் பிள்ளைகள் இன்னும் விரட்டவில்லை.

நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சாயங்காலம் பாராகுவாட் களைக்கொல்லி அடித்தார்களாம், விடிந்து பார்த்தால் புல் பச்சையாகவே நின்றதாம், போலி மருந்து என்று அடித்தவரிடம் நீ சண்டைக்குப் போனாயாம், மத்தியானத்துக்குள் எல்லாம் கருகிவிட்டதாம். அவர் பாவம். மருந்து வெயிலுக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

பாராகுவாட் நேரடியாக இலையைச் சுடுவதில்லை. வெளிச்சம் பட்டதும் பசுங்கணிகத்தில் எலக்ட்ரான் ஓட ஆரம்பிக்கும் அல்லவா? அதை இது நடுவழியில் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டும். இப்படித் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் ஒரு சூப்பர் ஆக்சைடு, அதாவது எலக்ட்ரான் ஒன்று கூடிப்போன முரட்டு ஆக்சிஜன், பிறக்கும். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான் செடிக்கு நடக்கிறது.

செடியும் சும்மா இருப்பதில்லை. மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற விஞ்ஞானிகள் 1969-ல் விவரித்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, அந்தச் சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். அதை அஸ்கார்பேட், அதாவது நம் வைட்டமின் சி, தண்ணீராக்கும். செலவான அஸ்கார்பேட்டைக் குளுட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறு மீட்டுத் தரும். இந்த வரிசையில் தப்பிய பெராக்சைடு இரும்பைச் சந்தித்தால், எல்லாவற்றையும்விட மூர்க்கமான ஹைட்ராக்சில் உருவாகும். அதை அடக்க எந்த உயிரினத்திடமும் நொதி கிடையாது. பக்கத்தில் இருப்பதையெல்லாம், முக்கியமாகச் சவ்வின் கொழுப்பை, அது குதறிவிடும்.

காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் கதை வேறு. என் பாதி ஆயுசு அதில்தான் போனது. செம்பும் இரும்பும் எலக்ட்ரானைக் கைமாற்றும், காட்மியம் கைமாற்றாது. பிறகு ஏன் அதே சேதம் வருகிறது என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். செடி காட்மியத்தைக் கட்டிப்போட பைட்டோகெலட்டின் என்ற பொருளைச் செய்கிறது. அதற்குக் கச்சாப்பொருள் எது தெரியுமா? அதே குளுட்டாதயோன்! ஒரே சுருக்குப்பையிலிருந்து இரண்டு செலவு. காட்மியத்தை அள்ளி செல்லின் நுண்குமிழிக்குள் அடைக்கிற அவசரத்தில் பை காலியாகிவிடுகிறது. வழக்கமான சுவாசத்திலும் ஒளிச்சேர்க்கையிலும் உண்டாகிற பெராக்சைடைக்கூடச் சமாளிக்க ஆளில்லாமல் போகிறது. புதிதாகக் குளுட்டாதயோன் செய்யக் கந்தகம் வேண்டும். கந்தகம் கிடைத்த நாற்று தாக்குப்பிடிக்கிறது, கிடைக்காதது மஞ்சளாகிறது.

கல்லூரியில் நாம் இருவரும் என்ன எழுதினோம், நினைவிருக்கிறதா? தற்காப்பு நொதியின் அளவு ஏறியிருக்கிறது, ஆகவே செடி தாங்கிக்கொண்டது. இன்றைக்கும் பிள்ளைகள் அதையே எழுதிக்கொண்டு வருகிறார்கள். தெருவில் தீயணைப்பு வண்டி நிறைய நின்றால் வீடு பத்திரம் என்று அர்த்தமா? சவ்வு எவ்வளவு சிதைந்தது, குளுட்டாதயோன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் நொதியை மட்டும் அளப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்புறம், பெராக்சைடை ஒரேயடியாக வில்லனாக்கிவிடாதே. கொஞ்சமாக இருக்கும்போது அதுதான் ஆபத்து வந்திருக்கிறது என்று செடிக்குத் தகவல் சொல்லி, தற்காப்பு மரபணுக்களை எழுப்புகிறது. முழுக்கத் துடைத்துவிட்டால் செடிக்குச் சேதியே போகாது.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. மிச்ச மருந்தைப் பரணில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். இலையில் செய்கிற அதே வேலையை அது நம் நுரையீரலிலும் செய்யும், அங்கே வெளிச்சம்கூடத் தேவையில்லை. மாற்று மருந்து கிடையாது. பேரப்பிள்ளைகள் வருவதற்குள் அதை முறையாக அப்புறப்படுத்தச் சொல். செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, அதுவரை எனக்கு நிம்மதி இருக்காது.

அன்புடன்,
விஜயா