விழா மலரில் ஒரு பக்கம் பிழைதிருத்தத்துக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஊர் வரலாறு தேடும் ஆர்வலர் குழுக்களின் ஆண்டு விழாக்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலு பேர் கூடிக் கல்வெட்டுப் படிப்பது நல்ல காரியம்தான். ஆனால் விழா மலரைப் புரட்டினால் வாழ்த்துரை பாதி, பொன்னாடைப் படம் பாதி. போன மலரில் வந்த கல்வெட்டுப் பாடங்களில், அதாவது கல்லில் உள்ளதைப் படித்து எழுதிய வாசகங்களில், எதெது தப்பு என்று ஒரு பக்கமாவது போட வேண்டாமா?

தப்பு வரத்தான் செய்யும். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே வடிவம் என்பதால் ‘தர’ என்றும் படிக்கலாம், ‘தா’ என்றும் படிக்கலாம். ஒருவர் படித்ததற்கு மற்றவர்கள் தலையாட்டினால் அது கூட்டு முயற்சி ஆகாது. இரண்டு பேர் தனித்தனியே படித்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒத்துவராத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் சறுக்குகிறார்கள். முதலாம் இராசராசன் பட்டமேறியது 985இல். அவனது 16ஆம் ஆட்சியாண்டுக்கு 16ஐக் கூட்டி 1001 என்று எழுதிவிடுகிறார்கள். பட்டமேறியதிலிருந்தே முதல் ஆண்டு ஓடுவதால் கூட்ட வேண்டியது 15; கிடைப்பது 1000-1001. இதைவிட மோசம், அரசன் பெயர் இல்லாமல் வெறும் ‘கோப்பரகேசரி’ (பரகேசரி என்ற பட்டமுள்ள அரசன்) என்றிருக்கும் கல்லை அவன் தலையில் கட்டுவது. அவன் இராசகேசரி. பரகேசரி என்பது அவன் மகன் இராசேந்திரனுக்கும் வேறு பல சோழர்களுக்கும் உள்ள பட்டம். மெய்க்கீர்த்தியோ (அரசனைப் புகழும் தொடக்க வரிகள்) எழுத்தமைதியோ (காலத்தைக் காட்டும் எழுத்து வடிவம்) கைகொடுக்காவிட்டால் ‘ஒரு பரகேசரி’ என்று விட்டுவிடலாம். ஊரின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

பாடத்தின் பக்கத்திலேயே மைப்படியையும் (கல்மேல் தாளைப் பதித்து மை ஒற்றி எடுக்கும் படி) அச்சிடுங்கள். அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும். கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் கழுவுங்கள். கம்பித் தூரிகை எழுத்தையே தேய்த்துவிடும். நனைத்த தாளைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டினால் காற்றுக் குமிழ் வெளியேறும், தாள் எழுத்துப் பள்ளத்தில் பதியும். ஈரம் சற்று வற்றிய பிறகே மை ஒற்ற வேண்டும். சொதசொத என்றிருக்கும்போது ஒற்றினால் மை பள்ளத்தில் இறங்கி எழுத்தை அடைத்துவிடும். எழுத்து வெள்ளையாக விழும், கல்லின் விரிசலும் அப்படித்தான் விழும். அதனால் சந்தேகமான இடங்களைக் கல்லிலேயே விரலால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு பூசுவதை இனியாவது நிறுத்துங்கள். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், செல்போன் படத்திலேயே எழுத்து எடுப்பாக விழும்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்