அடுத்த லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் பேத்தியின் படங்களும் வந்து சேர்ந்தன. குழந்தை அப்படியே தங்கச்சி ஜாடை. பிடிவாதம் மட்டும் உன்னுடையதாக இருக்கும், பார். எனக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏற முடிகிறது.

அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எதுவும் வாங்காதே. இந்தப் படங்களில் லென்ஸ்மேல் குற்றமே இல்லை.

அவள் ஓடிவருகிற படம் கலங்கியதற்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே வர கேமரா திறந்திருக்கும் நேரம். கேமரா தானாக 1/60 நொடி வைத்திருக்கிறது. ஓடுகிற பிள்ளைக்கு 1/500 ஆவது வேண்டும். டயலில் 'எஸ்' (S) என்றோ 'டிவி' (Tv) என்றோ இருக்கும். அதற்குத் திருப்பி வேகத்தை நீயே வை, வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டவேண்டும் என்பதற்கான ஐஎஸ்ஓ எண்ணை ஆட்டோவில் விடு. அது 3200 வரை ஏறினால் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெரியட்டுமே! கலங்கிய முகத்தைப் பிறகு திருத்துவதுதான் பெரும்பாடு.

ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்த படத்தில் முகம் கறுத்துப்போனது வேறு கதை. கேமராவின் ஒளிமானிக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிவிட்டது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானை +1க்குக் கொண்டுபோனால் முகம் தெளியும், ஜன்னல் வெளுத்துப்போகும். வெள்ளைச் சுவர், பனி என்றாலும் இதே வைத்தியம்தான். கறுப்புத் திரை என்றால் கழித்தல் பக்கம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, அவளையே திருப்பி உட்காரவைப்பது. வெயில் நேரே விழாத ஜன்னலாகப் பார். கன்னத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் படட்டும். ஜன்னலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறாளோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். அறை விளக்கை அணைத்துவிடு; மஞ்சளும் நீலமும் கலந்தால் தோல் நிறம் கெடும். நீயும் தரையில் உட்கார்ந்து, அவள் கண் மட்டத்துக்கு கேமராவை இறக்கு. லென்ஸின் துளையை அகலத் திறந்து, எஃப் 1.8இல் எடுத்தால், அவள் கண்களில் கேமராவுக்கு அருகில் இருப்பதன்மேல் ஃபோகஸ் வை. மூக்கு நுனியில் வைத்தால் கண் மங்கிவிடும்.

படத்தை மூன்று மூன்றாகக் கட்டம் பிரித்து, ஆளைக் கோட்டில் நிறுத்தும் 'மூன்றில் ஒரு பங்கு' விதியெல்லாம் இப்போது வேண்டாம். அதைப் படித்தவர்கள் கட்டம் போட்டே பார்க்கிறார்கள், பிள்ளை சிரித்துவிட்டு ஓடிவிடுகிறது.

அடுத்த முறை வெட்டாமல், திருத்தாமல், எடுத்தது எடுத்தபடி அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்