கல்லைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்: ரத்தினவியல் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு மடல்

ரத்தினவியல் பயிற்சியைத் திட்டமிடுகிற, அதற்குப் பணம் ஒதுக்குகிற, சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருச்சிக்காரன். இருபத்தாறு வருடமாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டுகிறேன். சீனாவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கல் வந்து இறங்கிய பிறகு திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பட்டறைகள் என்ன ஆயின என்பது உங்கள் கோப்புகளிலேயே இருக்கும், அதைச் சொல்ல இதை எழுதவில்லை. என் மகள் படித்த பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன்.

பட்டறை வேலை வேண்டாம், கல்லைச் சோதித்துச் சொல்கிற வேலைக்குப் போகிறேன் என்று அவளாகத்தான் கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரசுப் பணத்தில் நடக்கிற மூன்று மாதப் பயிற்சி, கட்டணம் கிடையாது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போனாள், காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூட லீவு போடவில்லை. கடைசியில் கணினியில் ஐம்பது கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள்.

போன மாதம் ஒரு நகைக்கடையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தட்டில் ஐந்து சிவப்புக் கல், பக்கத்தில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளவுகோலில் கோடாகக் காட்டும் கருவி), ஒரு லென்ஸ். எது என்ன கல் என்று பார்த்துச் சொல்லும்மா என்றார்களாம். அந்தக் கருவியின் கண்ணாடியில் குண்டூசித் தலையளவு திரவம் வைத்து, அதன்மேல் கல்லின் தட்டையான முகத்தை மெதுவாக நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். இவள் குப்பியைச் சாய்த்ததில் பெரிய சொட்டாக விழுந்துவிட்டது. சின்னக் கல், அந்தச் சொட்டின் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே பார்த்தால் கல்லின் கோடு தெரியவில்லை, திரவத்தின் கோடுதான் தெரிகிறது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், கை நடுங்கியதில் கல் தரையில் விழுந்து, கடைப் பையன்கள் குனிந்து தேட வேண்டியதாகிவிட்டது. முதலாளி நல்ல மனுஷன். திட்டவில்லை. "இந்தக் கருவியை இதுக்கு முன்னாடி தொட்டிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

தொட்டதில்லை. அதுதான் உண்மை. முப்பத்திரண்டு பேர் படித்த வகுப்பில் ஒரே ஒரு ரிஃப்ராக்டோமீட்டர். அதற்கான திரவக் குப்பி காய்ந்து, வாய்ப்பக்கம் மஞ்சளாகக் கந்தகம் படிந்து கிடந்ததாம். புதுக் குப்பி கேட்டு எழுதியிருக்கிறோம், வந்ததும் செய்முறை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அதுவரை வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் முடிந்தது, குப்பி வரவில்லை, சான்றிதழ் வந்தது. பாடம் நடத்திய ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டதற்குப் பதில் போடாதவர்களைத்தான் கேட்கிறேன்.

மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை, மாணிக்கம் மாதிரியே சிவப்பாக இருக்கும் வேறு கல்லான ஸ்பைனலுக்கு 1.718, ஸ்பைனல் ஒற்றைக் கோடுதான் காட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் பட்டறையில் தீட்டுகிற செயற்கைக் கெம்பும், அதாவது செயற்கை மாணிக்கமும், அதே எண்ணைத்தான் காட்டும், ஏனென்றால் இரண்டுமே அலுமினியம் ஆக்சைடு. வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் தீச்சுடரில் உருக்கி வளர்த்துக் காட்டிய கல் அது. பூமியில் விளைந்ததா உலையில் விளைந்ததா என்று லென்ஸில்தான் தேட வேண்டும், உள்ளே மெல்லிய ஊசிகள் பட்டு நூல் மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கிறதா, அல்லது இசைத்தட்டின் வரி மாதிரி வளைந்த கோடும் காற்றுக் குமிழும் தெரிகிறதா என்று. அப்புறம் விரிசலுக்குள் ஈயக் கண்ணாடியை நிரப்பிய மாணிக்கம் வேறு சந்தையில் இருக்கிறது, எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துப்போகும். இதையெல்லாம் வீடியோவில் பார்த்தவளை நம்பி ஒரு கடைக்காரர் எப்படிக் கல் வாங்குவார்?

அன்று ராத்திரி பட்டறையில் அவளை உட்கார வைத்து, நான் தீட்டிய ஒரு கெம்பைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து லென்ஸைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் வளைந்த கோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். "இவ்வளவுதானாப்பா? இதை அங்க யாருமே காட்டலையே" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று மாதப் பஸ் பயணத்தில் கிடைக்காதது ஒரு தம்ளர் தண்ணீரில் கிடைத்ததே என்று இருந்தது.

கல்லைக் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினவியல் நிறுவனத்தின் படிப்பில் கடைசித் தேர்வுக்கு 20 கற்களைக் கொடுப்பார்கள், இருபதையும் சரியாகச் சொன்னால்தான் தேர்ச்சி. அதைப் படிக்க லட்சக்கணக்கில் செலவாகும், எங்களால் முடியாது, அதனால்தான் உங்களிடம் வந்தோம். இலவசம் என்பதால் இது போதும் என்று யாராவது நினைத்திருந்தால் அது எங்களை அவமதிப்பது.

ஜெய்ப்பூரில் 1972-இலேயே ரத்தினப் பரிசோதனைக் கூடம் வந்துவிட்டது. சூரத்தில் 1978-இல் இந்திய வைர நிறுவனம் வந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் பழங்காலத்தில் மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்து நாம் பெருமைப்படுகிறோம், காங்கேயம் பக்கத்தில் இன்றைக்கும் கல் கிடைக்கிறது, ஆனால் திருச்சிப் பிள்ளைக்கு ஒரு குப்பித் திரவம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வகத்தில் வைரம் வளர்க்கும் ஆராய்ச்சிக்கு ஐந்து வருடத்துக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆய்வக வைரத்தையும் சுரங்க வைரத்தையும் லென்ஸை வைத்துப் பிரிக்க முடியாது, கடைகளில் இருக்கிற சாதாரண வைர டெஸ்டரும் இரண்டையும் வைரம் என்றுதான் காட்டும், தனிக் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆளை யார் தயார் செய்கிறார்கள்? தங்க நகைக்கு 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. அந்த நகையில் பதித்த கல்லுக்கு அப்படி எதுவும் இல்லை, கடைக்காரர் சொல்வதைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். எங்களுக்கு வேண்டியது பெரிய கட்டிடம் இல்லை. நான்கு பேருக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், காயாத திரவம், ஆளுக்கொரு பத்து மடங்கு லென்ஸ், இயற்கையும் செயற்கையும் கண்ணாடி நிரப்பியதும் கலந்த ஒரு பெட்டிக் கல் வேண்டும். செயற்கைக் கல் வேண்டுமானால் நானே தருகிறேன், எங்கள் பட்டறைகளில் கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். பாடப் புத்தகம் தமிழில் வேண்டும். தேர்வில் பெயர் தெரியாத பத்துக் கல்லையாவது பிள்ளைகளின் கையில் கொடுத்துக் கேளுங்கள். தேறாதவர்களுக்குச் சான்றிதழ் தராமல் இன்னொரு மாதம் சொல்லிக்கொடுங்கள்.

என் மகளோடு படித்த மற்ற முப்பத்தொரு பேரிடமும் இதே சான்றிதழ்தான் இருக்கிறது. அவர்களையும் சேர்த்து ஒரு வாரம் திரும்பக் கூப்பிட்டுச் செய்முறைப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அணிக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் உங்களில் ஒருவர் நேரில் போய் அந்தக் குப்பியைத் திறந்து பாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
திருச்சியில் கல் பட்டை தீட்டும் ஒரு தகப்பன்