திறன் அறிவிப்பைப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்

குமரி மாவட்டத்தில் இணையமும் தொலைக்காட்சியும் வழங்கும் நிறுவனங்களில், ரவுட்டர்களை வாங்கவும் அவற்றை நிறுவியபின் ஏற்புச் சான்றில் கையெழுத்திடவும் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஒப்பந்த அடிப்படையில் உங்கள் வலைப்பின்னல்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுள் நானும் ஒருவன். தரவு எந்த வழியில் போகவேண்டும் என்று காட்டும் லேபிள் என்னும் எண்குறிகளை ரவுட்டர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விதிமுறைதான் லேபிள் பகிர்வு நெறிமுறை; எல்டிபி என்று நாம் சுருக்கிச் சொல்வது. அதைப் பற்றி, நான் கண்ட ஏற்புச் சோதனைப் படிவங்களில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: செஷன், அதாவது இரு ரவுட்டர்களுக்கிடையிலான உரையாடல் இணைப்பு, எழுந்ததா, இல்லையா? அந்தக் கேள்வி போதாது என்று சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில், நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகக் குலசேகரம் வரை தொலைக்காட்சி சேனல்களை, ஒரே தரவைப் பல இடங்களுக்குக் கிளைத்து அனுப்பும் பல்முனை லேபிள் பாதையில் கொண்டுசெல்ல ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்தது. இரு முனைகளிலும் புதிய ரவுட்டர்கள். நடுவே தக்கலையில் இருந்தது மட்டும் பழையது. செஷன்கள் அனைத்தும் எழுந்து நின்றன, இணையம் தடையின்றி ஓடியது, சேனல் மட்டும் குலசேகரத்துக்கு வந்து சேரவில்லை. பழி வழக்கம்போல ஃபைபரின் மேல் விழுந்தது. ரப்பர் தோட்டங்களை ஒட்டிய கம்பங்களில் நனைந்துகொண்டே ஏறி, ஃபைபரில் முறிவு எங்கே என்று ஒளித்துடிப்பால் காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்து இரண்டு நாள் ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தோம். (இணையம் ஓடும் ஃபைபரில் சேனல் மட்டும் எப்படி அறுந்துபோகும் என்று எங்களுள் ஒருவரும் அப்போது கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

காரணம் ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முதல் செய்தியில் இருந்தது. அண்டை ரவுட்டர்கள் யுடிபி என்னும் அனுப்புமுறையின் 646-ஆம் போர்ட்டில் (செய்தி போய்ச்சேரும் எண்ணிட்ட வாயில் அது) ஹலோ சொல்லி ஒன்றையொன்று கண்டறிந்து, டிசிபி என்னும் நிலையான இணைப்புமுறையில் அதே எண்ணுள்ள போர்ட்டில் இணைந்தபின், தொடக்கச் செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. அதில் சில விவரங்கள் உண்மையிலேயே பேசி முடிக்கப்படுபவை: எதிரிலிருந்து செய்தி வராமல் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்னும் கீப்அலைவ் நேரமாக ஒன்று 180 வினாடியும் மற்றொன்று 60 வினாடியும் முன்மொழிந்தால், குறைந்ததாகிய 60 நிலைக்கும். ஆனால் 2009-இல் வெளிவந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5561 வகுத்த திறன் அறிவிப்பு அத்தகையதன்று. அங்கே பேரம் கிடையாது. ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது, எதிரிலிருப்பது சொல்லாத திறனை அதற்கு இருப்பதாகக் கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய ரவுட்டர் தனக்குப் புரியாத திறன் அறிவிப்பைப் பெற்றால் என்ன செய்யும்? பல்முனைத் திறன் அறிவிப்பின் தலைப்பில், புரியாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் யு-பிட் 1 என அமைந்திருப்பதால், அதை ஓசையின்றி ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்ளும். புதியதும் பழையதும் ஒரே வலைப்பின்னலில் முறிவின்றி வாழவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது; நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதே மௌனம்தான் எங்களைக் கம்பத்தில் ஏற்றியது. பல்முனைப் பாதையில் லேபிள், பெறும் முனையிலிருந்து வேரை, அதாவது தரவை அனுப்பும் முனையை, நோக்கி அனுப்பப்படுகிறது. தக்கலை ரவுட்டர் அந்தத் திறனை அறிவிக்காததால் குலசேகரம் ரவுட்டர் அதனிடம் லேபிளை அனுப்பவில்லை. அனுப்பாததால் பாதை உருவாகவில்லை. எங்கும் பிழைச் செய்தி இல்லை, அபாய விளக்கும் எரியவில்லை.

பிறகு நேர்ந்தது இதைவிடக் கசப்பானது. தக்கலை ரவுட்டரில் புதிய மென்பொருளை ஓர் இரவில் ஏற்றினோம். பல்முனைத் திறனை மறுநாள் பகலில் இயக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் செஷனிலேயே புதிய திறனைச் சொல்ல ஆர்எஃப்சி 5561 தனியாக ஒரு செய்தியை வைத்திருக்கிறது. ஆனால் இடையில் வரும் அறிவிப்பை ஏற்பேன் என்று எதிர்முனை செஷனின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் மட்டுமே அதை அனுப்பலாம். அங்கே அப்படிச் சொல்லப்படவில்லை. ஆகவே செஷனை அறுத்து மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. அந்த வழியாகப் பெற்ற லேபிள்கள் நீங்கின, அதையே நம்பியிருந்த வாடிக்கையாளர்களின் தனி இணைப்புகளும் வேலை நேரத்தில் விழுந்தன. 2003-இன் ஆர்எஃப்சி 3478 கூறும், செஷன் அறுந்தாலும் தரவு தொடர்ந்து ஓட உதவும் மென்மையான மறுதொடக்கத்தை இரு முனைகளும் தொடக்கச் செய்தியில் ஏற்றிருந்தால் இதன் கடுமை குறைந்திருக்கும். அதையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஏற்புச் சோதனையின்போது ஒவ்வொரு அண்டை ரவுட்டருக்கும் அனுப்பிய திறன்கள் எவை, அதனிடமிருந்து பெற்ற திறன்கள் எவை என்னும் திரைவெளியீட்டைப் படிவத்துடன் இணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இது ஒரே கட்டளையில் கிடைக்கும். கொள்முதல் ஆணையில் 'எல்டிபி ஆதரவு உண்டு' என்று பொதுவாக எழுதாமல், தேவைப்படும் திறன்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். செஷனின் நடுவே திறன் அறிவிக்கும் வசதியை அவற்றுள் முதலில் வையுங்கள். அவ்வசதி இல்லாத பழைய ரவுட்டர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றன என்ற பட்டியலைப் பராமரிப்பவர்களிடம் கொடுத்து, அவற்றைத் தொடும் எந்த மாற்றத்தையும் முன்னறிவிப்புடன் இரவில் மட்டும் அனுமதியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்தால் நன்று.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஓர் ஒப்பந்தப் பராமரிப்புப் பொறியாளர்