காலியாகச் சுற்றும் கார்களுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயலி வழி வாடகைக் கார்கள் பெருகினால் சொந்தக் கார்கள் குறைந்து, சென்னையில் நெரிசல் தணியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பயணியை இறக்கிவிட்ட கார் அடுத்த அழைப்பு வரும்வரை காலியாகச் சுற்றும் அல்லது சாலையோரத்தில் காத்து நிற்கும் என்பதும், பேருந்திலும் மின்சார ரயிலிலும் போகக்கூடியவர்களே இவற்றுக்கு மாறுவார்கள் என்பதும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

மாலை வேளையில் கிண்டி ரயில் நிலையம் அருகே பேருந்து நிறுத்தத்தைக் கார்களும் ஆட்டோக்களும் அடைத்துக்கொள்ள, மாநகரப் பேருந்து நடுச்சாலையிலேயே நிற்கிறது. முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வாகனங்களுக்கு இடையே புகுந்து ஓடிப்போய் ஏறுகிறார்கள். இதற்கு ஓட்டுநர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏற்றி இறக்க இடமே ஒதுக்காமல் அவர்களிடம் அபராதம் வசூலிப்பது நியாயமல்ல.

நியூயார்க்கில் 2018-இல் புதிய வாடகைக் கார்களுக்கான உரிமங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2019 முதல் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிப் பயணங்களுக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கப்பட்டது. இங்கே முதற்கட்டமாக, ரயில், மெட்ரோ நிலையங்களை ஒட்டி ஏற்றி இறக்கும் இடங்களை ஒதுக்குவதோடு, கார்கள் காலியாக ஓடும் தூரத்தை நிறுவனங்கள் மாதந்தோறும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சைதாப்பேட்டை, சென்னை